முதல் நீச்சல் போட்டிக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறீர்களா?

கோச் பெயர் கொடுத்துவிட்டார், 'காலையில ஆறரைக்கு வந்துடுங்க' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த நிலையில் இருக்கும் பெற்றோருக்குத்தான் இது. எந்த ஸ்ட்ரோக், என்ன டைமிங் என்பதெல்லாம் கோச்சின் பாடு. பிள்ளை சரியான நேரத்தில் சரியான லேனில், காகில்ஸில் தண்ணீர் புகாமல் நிற்க வேண்டும். அதுவரைதான் நம் வேலை.

பதிவு

பிறப்புச் சான்றிதழ் அசலையும் இரண்டு நகல்களையும் பையில் வையுங்கள். வயதுப் பிரிவைப் பள்ளி வகுப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று நிறையும் வயதுதான் கணக்கு. போட்டிச் சுற்றறிக்கையில் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காகில்ஸ்

முதல் போட்டியில் அதிகம் சொதப்புவது இதுதான். டைவ் அடித்ததும் காகில்ஸ் கழன்று வாய்க்கு வந்துவிடும், பிள்ளை பாதியில் நின்றுவிடும். உடனே நாம் ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்குவோம். அதனால் ரப்பர் விளிம்பு கோணிக்கொண்டு கசிவு கூடுமே தவிர குறையாது.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். ஸ்ட்ராப்பைப் போடாமல் கண்ணில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுக்க வேண்டும். ஓரிரு விநாடி ஒட்டி நின்றால் அந்த முகத்துக்கு அது பொருந்தும். உடனே விழுந்தால் எவ்வளவு விலையானாலும் வேண்டாம். மூக்குப் பாலத்தை (இரண்டு கண்ணாடிகளையும் இணைக்கும் துண்டை) மாற்றிப் போடும் வகை என்றால் சிறிய அளவில் தொடங்குங்கள்.

போட்டுக்கொள்ளும் வரிசை: முதலில் காகில்ஸ், அதன் ஸ்ட்ராப் மேல் கேப். அப்படிப் போட்டால் தண்ணீரின் வேகம் ஸ்ட்ராப்பைப் பிடித்து இழுக்க முடியாது. கேப் சிலிக்கானில் இருக்கட்டும், லேடெக்ஸ் முடியைப் பிடித்து இழுக்கும், சீக்கிரம் கிழியும்.

இவ்வளவு செய்தும் கழன்றால், பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறது என்று அர்த்தம். தலை இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும், மோவாய் நெஞ்சை நோக்கி இருக்க வேண்டும். போட்டியில் போடப்போகும் அதே காகில்ஸோடு, ஸ்டார்ட்டிங் பிளாக்கில் (குதிப்பதற்காக ஏறி நிற்கும் மேடை) இருந்து பத்து டைவாவது முன்கூட்டியே அடிக்கச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். பழகும் குளத்தில் பிளாக் இல்லையென்றால் இது இரட்டிப்பு அவசியம். கழன்றாலும் கையால் சரிசெய்யாமல் நீந்தி முடிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

உள்பக்கக் கண்ணாடியை விரலால் துடைக்கக் கூடாது, பனி படியாமல் காக்கும் பூச்சு போய்விடும். திறந்தவெளிக் குளத்தில் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது) என்றால் கண்ணாடி கறுப்பாகவோ மிரராகவோ இருப்பது நல்லது. மாற்று ஜோடி ஒன்று கட்டாயம், அதுவும் பழகியதாக.

முழங்கால் வரை வரும் விலையுயர்ந்த ரேஸிங் சூட்டை யாராவது பரிந்துரைத்தால் காதில் வாங்காதீர்கள். அமெரிக்காவில் 12 வயது வரை உள்ளவர்களின் போட்டிகளில் 2020 முதல் அந்த வகைக்குத் தடையே இருக்கிறது.

கையில் எழுதுவது

ஸ்டார்ட் லிஸ்ட் (யார் எப்போது, எந்த லேனில் என்ற பட்டியல்) வந்ததும் பர்மனென்ட் மார்க்கரால் பிள்ளையின் முன்கையில் மூன்று கட்டம் போட்டு ஈவென்ட் எண், ஹீட் (ஒரே ஈவென்டில் பிள்ளைகளைப் பிரித்து நீந்தவிடும் சுற்று), லேன் மூன்றையும் எழுதுங்கள். எழுதிக் காய்ந்த பிறகுதான் சன்ஸ்க்ரீன். முதலில் க்ரீம் தடவினால் மை ஒட்டாது. வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் தேய்த்தால் போய்விடும்.

முதல் ஹீட், ஓரத்து லேன் கிடைத்தால் ஓரவஞ்சனை என்று நினைக்க வேண்டாம். எட்டு லேன் குளத்தில் வேகமானவருக்கு 4, அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6 என்று போகும். இதுவரை டைமிங் இல்லாத பிள்ளைக்குப் பொதுவாக முதல் ஹீட்களும் ஓரத்து லேன்களும்தான் வரும்.

மார்ஷலிங்கும் விசிலும்

குறைந்தது மூன்று ஹீட் முன்னதாக மார்ஷலிங் பகுதியில் (அடுத்து நீந்துபவர்களைப் பெயர் கூப்பிட்டு வரிசைப்படுத்தும் இடம்) இருக்க வேண்டும், அதற்கு முன் டாய்லெட். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த ஈவென்ட் போச்சு.

தொடர்ந்து குட்டிக் குட்டி விசில் வந்தால் மேலுடையைக் கழற்றித் தயாராக வேண்டும். ஒரு நீள விசிலுக்கு பிளாக்கில் ஏற வேண்டும். பேக்ஸ்ட்ரோக் என்றால் முதல் நீள விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். பிறகு 'டேக் யுவர் மார்க்ஸ்', அப்போது குனிந்து அசையாமல் நிற்க வேண்டும். பீப் சத்தத்துக்கு முன் பாய்ந்தால் டிஸ்குவாலிஃபை (தகுதி நீக்கம்), இரண்டாவது வாய்ப்பு கிடையாது. வீட்டு ஹாலிலேயே விசில் ஊதிப் பழக்கலாம்.

சின்னப் பிள்ளைகள் டிஸ்குவாலிஃபை ஆவது பெரும்பாலும் சுவரருகில்தான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை இரண்டிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். பேக்ஸ்ட்ரோக்கில் மல்லாந்தபடியேதான் முடிக்க வேண்டும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் கொடிகள் தொங்கும், அங்கிருந்து எத்தனை கை போட்டால் சுவர் வரும் என்பதை வார்ம் அப்பிலேயே எண்ணி வைக்கட்டும். ஃப்ரீஸ்டைலில் களைத்துப்போய்த் தரையில் நின்றால் தப்பில்லை, ஆனால் நடக்கக் கூடாது, லேன் கயிற்றைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

தீர்ப்பில் சந்தேகம் இருந்தால் கோச்சிடம் சொல்லுங்கள். நடுவரிடம் நேரே போய்ப் பேசுவது பெற்றோர் வேலையில்லை.

சாப்பாடு

முதல் ஈவென்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லி, இடியாப்பம் மாதிரி லேசாக. பூரி, வடை வேண்டாம். இடையில் பாதி வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், உப்புப் போட்ட மோர். தயிர்சாதம் கடைசி ஈவென்ட் முடிந்த பிறகு.

பின்சேர்க்கை

'பயிற்சியில் எடுத்த டைமிங் போட்டியில் வரவில்லையே' என்று பலர் கேட்டதால் இது. உங்கள் குளம் 25 மீட்டரா என்று பாருங்கள். அங்கே 50 மீட்டர் நீந்தும்போது நடுவில் ஒருமுறை சுவரை உதைத்துக் கிளம்பலாம். சென்னை வேளச்சேரி வளாகம் போன்ற 50 மீட்டர் குளத்தில் அந்த உதை கிடையாது, முழுத் தூரமும் நீந்தியே ஆக வேண்டும், அதனால் நேரம் கூடத்தான் செய்யும். இரண்டு குளத்து டைமிங்கையும் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று: ஸ்டார்ட் நேரத்தில் போன் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். அந்த வெளிச்சத்தை சிக்னல் என்று நினைத்துக் குதித்துவிடும் பிள்ளை உங்களுடையதாகவே இருக்கலாம்.