ரிஜிஸ்டரில் ஒரே சம்பளம், வீட்டுக்குப் போவது வேறு: பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்கள் கம்பெனியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தான்" என்று சொல்லும் முதலாளிகள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால் ஒரே வேலைக்கு ஒரே தொகைதான் எழுதியிருக்கும். ஆனால் வருடக் கடைசியில் இருவரும் வீட்டுக்குக் கொண்டுபோன பணத்தைக் கூட்டிப் பாருங்கள், கணக்கு இடிக்கும். எந்த வேலைக்கு யாரை எடுக்கிறோம், படியை எதற்குத் தருகிறோம், பிரசவ விடுப்பு முடிந்து வந்தவரை எங்கே உட்கார வைக்கிறோம் என்று சின்னச் சின்ன முடிவுகளில் பணம் கைமாறிப் போய்விடுகிறது.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். அதனால் இது நம் ஊர் விஷயம். திருப்பூர் பனியன் கம்பெனி, தி.நகர் ஜவுளிக்கடை, ஓ.எம்.ஆர். சாலை ஐடி அலுவலகம் என்று மூன்றையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

வேலையைப் பிரித்து, கூலியையும் பிரிப்பது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். கட்டிட வேலையைப் பாருங்கள். பையன் ஒருவன் கலவை சுமக்க வருகிறான், நாலைந்து வருடத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனோடு அதே நாளில் வந்த பெண் இருபது வருடம் கழித்தும் சித்தாள்தான். "கொத்தனார் கூலி இவ்வளவு, சித்தாள் கூலி இவ்வளவு, இதில் ஆண் பெண் எங்கே வந்தது?" என்று மேஸ்திரி கேட்பார். கரண்டியை அந்தப் பெண் கையில் யாரும் கொடுக்கவே இல்லை என்பதில்தான் வந்தது.

பனியன் கம்பெனியில் கட்டிங், அயர்ன், பேக்கிங் ஒரு கூலி. செக்கிங், கைமடி, டேமேஜ் பார்ப்பது, பிசிர் வெட்டுவது அதற்குக் கீழே ஒரு கூலி. மேலே உள்ளதில் பெரும்பாலும் ஆண்கள், கீழே உள்ளதில் கிட்டத்தட்ட எல்லாருமே பெண்கள். செக்கிங் டேபிளில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு பீஸை இரண்டு பக்கமும் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, அளவு சரியா, சைஸ் லேபிள் மாறியிருக்கிறதா என்று சில வினாடிகளில் முடிவு செய்ய வேண்டும். அங்கே ஒரு தவறு நழுவினால் பையர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புவார். இத்தனை பொறுப்புள்ள வேலையை எந்த அளவுகோலில் 'லேசான வேலை' என்கிறோம்?

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, ஒரே வேலைக்கு மட்டுமல்ல, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே ஊதியம் கேட்கிறது. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இந்த நான்கும் சமமாக இருந்தால் ஒத்த வேலை. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலும் இதே கருத்துதான் இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஸ்டெனோகிராஃபர் மெக்கினன் மெக்கன்சி கம்பெனிக்கு எதிராக நடத்திய வழக்கை ஒவ்வொரு எச்.ஆரும் படிக்க வேண்டும். பெரிய அதிகாரிகளிடம் வேலை பார்த்த பெண் ஸ்டெனோக்களைத் தனிப் பிரிவாக வைத்து, ஆண் ஸ்டெனோக்களைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். கம்பெனி இரண்டு காரணம் சொன்னது: யூனியனோடு ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுத்தோம், கூடக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. உச்ச நீதிமன்றம் 1987ல் இரண்டையும் ஏற்கவில்லை. அந்தப் பிரிவில் பெண்கள் மட்டும் இருப்பது நிர்வாகம் அப்படி வைத்ததால்தான் என்றும் சொன்னது. "சங்கத்தோடு பேசி முடித்த ரேட்டுதானே" என்று இன்றும் சொல்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது.

ஐஸ்லாந்தில் 2018ல் வந்த சட்டப்படி 25 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்கள், தாங்கள் சமமாகச் சம்பளம் தருவதை நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆளைப் பார்க்காமல் வேலையை மட்டும் எடைபோட்டு மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். உங்கள் கம்பெனியில் உள்ள வேலைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன நான்குக்கும் மதிப்பெண் போடுங்கள். போடுகிறவர்களில் அந்த வேலையைச் செய்கிறவரும் இருக்கட்டும். அப்புறம் சம்பளத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

அடிப்படைச் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்வது

உதாரணத்துக்கு இருவருக்கும் மாதம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் முழுக்க லீவ் போடாமல் வந்தால் 1,000 ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ், ஒரு நாள் விட்டாலும் முழுசும் போய்விடும். விதி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் அது அம்மாவுக்குத்தான் வரும். மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவர்தான். வருடத்தில் ஏழு மாதம் இப்படி ஒரு நாள் விட்டால் 7,000 ரூபாய் போச்சு, அரை மாதச் சம்பளத்துக்கும் மேல். ஒரு நாள் விட்டால் இவ்வளவு, இரண்டு நாள் விட்டால் இவ்வளவு என்று படிப்படியாகக் குறைக்கும்படி விதியை மாற்றினாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

ஓவர்டைமும் அப்படித்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு "இன்றைக்கு நைட் இருக்கிறது, யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் கை தூக்குவது ஆண்களாகத்தான் இருப்பார்கள். பெண்களுக்கு விருப்பமில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஆறு மணிக்குக் கம்பெனி வேன் போய்விடும், பிள்ளை பக்கத்து வீட்டில் காத்துக்கொண்டிருக்கும். முந்தின நாளே சொல்லி, திரும்பிப் போக வண்டியும் ஏற்பாடு செய்தால் பட்டியலே மாறிவிடும். இரவில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டே செல்லாது என்று சொல்லிவிட்டது. இப்போது சட்டம் கேட்பது அவருடைய சம்மதமும் பாதுகாப்பும்தான்.

சம்பளக் கணக்கில் ஒரு தொகையை மட்டும் சமமாக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கிரிக்கெட்டே உதாரணம். 2022 அக்டோபரில் பிசிசிஐ பெண்களுக்கும் ஆண்களுக்கும் மேட்ச் ஃபீஸ் ஒன்றுதான் என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். நல்ல முடிவு, மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் வருட ஒப்பந்தத்தில் அப்போது ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். பெண்களுக்கு ஆட்டங்களும் குறைவு, டெஸ்ட் அபூர்வம். ரேட் ஒன்றாக இருந்தாலும் வருமானம் ஒன்றாகிவிடவில்லை.

"போன இடத்தில் எவ்வளவு வாங்கினீர்கள்?"

ஐடி பக்கம் இந்தக் கேள்வி இல்லாமல் இன்டர்வியூவே கிடையாது. பழைய சம்பளத்தின் மேல் 30 விழுக்காடு என்று போட்டுக் கொடுத்தால், முதல் வேலையில் குறைத்துக் கொடுத்த யாரோ ஒருவரின் தவறை நீங்களும் சுமந்து அடுத்த கம்பெனிக்கு அனுப்புகிறீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் வேலை கொடுக்கும் முன் இப்படிக் கேட்பதைச் சட்டம் போட்டே நிறுத்தியிருக்கிறது, 2018 முதல் நடைமுறை. இங்கே அப்படிச் சட்டம் இல்லையென்றாலும் நீங்களே விட்டுவிடலாம். அந்த வேலைக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

பிரசவத்தைச் செலவாகப் பார்ப்பது

கல்யாணமான பெண் என்றால் எடுக்கத் தயங்குகிறார்கள். காரணம் கேட்டால் 26 வாரச் சம்பளம் யார் கொடுப்பது என்பார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்தப் பணத்தை ஈஎஸ்ஐ கொடுக்கும், கம்பெனி அல்ல. பனியன் கம்பெனிகளிலும் மில்களிலும் பெரும்பாலான பெண்கள் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். ஈஎஸ்ஐ கட்டாமல் ஆள் வைத்திருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும்.

உண்மையான இழப்பு விடுப்பு முடிந்து வந்த பிறகு தொடங்குகிறது. 2023ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் பல வருட ஆராய்ச்சியில் காட்டியதும் இதைத்தான்: பணக்கார நாடுகளில் இன்று ஆண் பெண் வருமான வித்தியாசத்தில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகு உருவாகிறது. நம் ஊரில் அது எப்படி நடக்கிறது என்றால், ஆறு மாதம் ஆள் இல்லை என்று அந்த வருட அப்ரைசலில் 'சராசரி' போடுவார்கள். கிளையன்ட்டோடு பேசிக்கொண்டிருந்தவரை "பாவம், கைக்குழந்தைக்காரி" என்று ரிப்போர்ட் தயாரிக்கும் வேலைக்கு மாற்றுவார்கள். இரக்கத்தோடு செய்வதுதான், ஆனால் அவரைக் கேட்டுச் செய்வதில்லை. அடுத்த இரண்டு இன்கிரிமென்ட்டும் பதவி உயர்வும் அதிலேயே போய்விடும். விடுப்பில் இருக்கும்போது ஒரு பெண்ணின் பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடுங்கள். என்ன வேலை வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். பல இடங்களில் சுவரில் மிக்கி மவுஸ் வரைந்த அறை இருக்கிறது, உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆயா இல்லாத அறையில் எந்தத் தாயும் பிள்ளையை விடமாட்டாள்.

நலனைத் தனிக் கணக்காக வைப்பது

மார்ச் 8 அன்று ரோஜாப்பூவும் கேக்கும் கொடுப்பதில் தப்பில்லை. நலன் அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. கழிவறை, நாற்காலி, குடிதண்ணீர் மூன்றும் சம்பளத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனால் சூப்பர்வைசர் கத்துவார் என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அப்புறம் சிறுநீர்த் தொற்று, டாக்டர் செலவு, லீவ், மேலே சொன்ன அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு.

ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கதை எல்லாருக்கும் தெரியும். கேரளத்தில் கோழிக்கோட்டுப் பெண்கள் போராடியதன் பலனாக 2018ல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. இன்று கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. ஆனால் கவுன்டருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், பல இடங்களில் அதன் மேல் சேலைப் பெட்டி இருக்கும். உட்கார்ந்தால் சோம்பேறி என்று ஃப்ளோர் மேனேஜர் நினைத்துவிடுவார் என்ற பயம் போகாதவரை ஸ்டூல் வாங்கிப் போட்டுப் பயனில்லை. மேனேஜரே வந்து, கூட்டம் இல்லாத நேரத்தில் உட்காருங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

புகார்க் குழுவைப் பலகையில் மட்டும் வைப்பது

10 பேர் இருந்தாலே பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பலகையில் பெயர்கள் இருக்கும். வெளி உறுப்பினர் என்று பார்த்தால் கம்பெனி வக்கீலுக்குத் தெரிந்தவராக இருப்பார். புகார் வந்ததும் "பேசி முடித்துக்கொள்ளுங்கள், ஏதாவது கொடுத்துவிடலாம்" என்பார்கள். பணம் கொடுத்துச் சமரசம் செய்யக் கூடாது என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அதைவிட அடிக்கடி நடப்பது, புகார் கொடுத்த பெண்ணை வேறு லைனுக்கு மாற்றிவிடுவது. பழகின மெஷினை விட்டுப் புது ஆபரேஷனில் உட்கார்ந்தால் பீஸ் குறையும், இன்சென்டிவ் குறையும். புகார் கொடுத்ததற்கு அவரே அபராதம் கட்டுவதுபோல ஆகிவிடுகிறது. இதைப் பார்க்கிற மற்ற பெண்கள் வாய் திறப்பார்களா?

திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்ட பிறகு, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கப் பெண்கள் விடாமல் போராடினார்கள். 2022ல், ஆலையில் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்ததும், வெளிநாட்டு பிராண்டுகளையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்ததும்தான். பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் சொல்ல முடிவது பெரிய தைரியம் தரும்.

சரிசெய்யும்போது செய்யும் தவறுகள்

கணக்குப் பார்த்துப் பாகுபாடு இருப்பது தெரிந்தபின், அதிகம் வாங்குபவர்களின் சம்பளத்தைக் குறைத்துச் சமமாக்கலாமா என்று சிலர் யோசிப்பார்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு அதைத் தடுத்திருக்கிறது, குறைந்ததைத்தான் உயர்த்த வேண்டும். இன்னொன்று, இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டும் புது ரேட் போடுவது. பதினைந்து வருடமாக இருப்பவர் நேற்று வந்தவரைவிடக் குறைவாக வாங்கும் நிலைமை அதனால் வரும். யாருக்கும் தெரியாமல் ஒருவரைக் கூப்பிட்டு, வெளியே சொல்லாதே என்று ஏற்றிக் கொடுப்பதும் வேண்டாம். ஏன் ஏற்றுகிறோம், எந்தக் கணக்கில் ஏற்றுகிறோம் என்று எல்லாருக்கும் சொல்லுங்கள்.

மொத்தமாக ஏற்ற இந்த வருடம் பணம் இல்லை, இரண்டு மூன்று தவணையாகத்தான் முடியும் என்ற நிலையும் வரலாம். சட்டம் அதைச் சாக்காக ஏற்காது என்றாலும், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடத் தேதி குறித்துத் தொடங்குவது மேல். அப்படியென்றால் ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்களிலிருந்து தொடங்குங்கள். வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், ஒவ்வொரு வருடச் சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம். இருபத்தைந்து வருடம் செக்கிங் டேபிளில் நின்றவர் போகும் முன் அந்தக் கடைசிச் சம்பளம் சரியாகியிருந்தால், இருபத்தைந்து வருடத்துக்கும் புது ரேட்டில் கணக்கு வரும்.