கரிசல் மண்ணின் நீர்க்கொள்திறன்: கணக்கு குறைவாக வந்ததைச் சரிசெய்த விதம்

மணல், களி, கரிமப்பொருள் அளவுகளிலிருந்து மண்ணின் நீர்க்கொள்திறனைக் கணிக்கும் சாக்ஸ்டன்–ரால்ஸ் (2006) சமன்பாட்டில் கரிசல் மண்ணுக்கு வயல் கொள்திறன் (உபரி நீர் வடிந்தபின் மண்ணில் தங்கும் நீர்) குறைவாகவே வந்தது. கோளாறு மணல் எண்ணில். மண் ஆய்வறிக்கை 0.02 மி.மீ.க்கு மேற்பட்டதையெல்லாம் மணலாக எண்ணியிருந்தது; சமன்பாட்டுக்கு வேண்டியது 0.05 மி.மீ.க்கு மேற்பட்டது மட்டும். இடைப்பட்ட வண்டல் (மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பெரிய துகள்) மணல் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் கரைசலில் மண்ணைச் சிதறடித்து, 50 மைக்ரான் சல்லடையில் கழுவி, தங்கியதை 105 டிகிரியில் உலர்த்தி எடைபோட்டதும் மணல் இறங்கி, கொள்திறன் ஏறியது.

சமன்பாட்டில் மணலையும் களியையும் பின்னமாக (45% என்றால் 0.45) இடவேண்டும், கரிமப்பொருளை மட்டும் சதவீதமாக. அறிக்கையில் கரிமக் கார்பன் இருந்தால் 1.724-ஆல் பெருக்குங்கள்.

விடை கன அளவில் (மண்ணின் கன அளவில் நீர் எத்தனை சதவீதம் என்று) வரும்; உலர்த்தி அளந்த எடை ஈரத்தோடு ஒப்பிட, அந்த எடை ஈரத்தைப் பரும அடர்த்தியால் பெருக்கவேண்டும். உலர்த்திப் பார்த்த எடை ஈரம் 28%, பரும அடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணில் உள்ள உலர்மண்ணின் எடை, கிராமில்) 1.3 என்றால் 36.4%. அடர்த்திக்கான கன அளவை ஈரமண்ணிலேயே எடுக்கவேண்டும். கரிசல் காய்ந்தால் சுருங்கிவிடும். களி 60%-ஐத் தாண்டிய மண்ணுக்கு இந்தச் சமன்பாடு ஆகாது.