கடையை மூடினாலும் பாக்கி பாக்கிதான்: சுங்கைப்பட்டாணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வாடகை வீடு எங்கே கிடைக்கும், பிள்ளையை எந்தத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கலாம், ஊருக்குப் பணம் எப்படி அனுப்புவது என்றெல்லாம் சொல்லித்தர மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் ஆளுக்குக் குறைவில்லை. வேலை பார்க்கும் இடமே மூடப்பட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முதலில் சொல்ல வேண்டியதாகப் படுகிறது.

இந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பேரங்காடிகளில் காசாளராக, துணிப்பிரிவில், கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மலேசியரை மணந்து தமிழ்நாட்டிலிருந்து வரும் பெண்களும் குடிநுழைவுத் துறையின் வேலை அனுமதி பெற்றபின் இதே கடைகளுக்குத்தான் போகிறார்கள். பெரிய பெயர் இருந்தால் வேலை நிலைக்கும் என்று நம்ப வேண்டாம். 1858இல் சிங்கப்பூரில் தொடங்கிய ராபின்சன்ஸ் பேரங்காடி 2020 அக்டோபரில் கலைப்புக்குப் போனபோது கோலாலம்பூர்க் கிளைகளும் அதோடு முடிந்தன.

மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தவுடன் உங்கள் முதலாளி யார் என்று பாருங்கள். இது அசட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பேரங்காடியில் வாசனைத் திரவியம், காலணி, உள்ளாடை விற்கும் பெண்களில் பலர் கடையின் ஊழியர்களே அல்லர். அந்தப் பொருளைத் தரும் நிறுவனம் அனுப்பிய புரோமோட்டர்கள். காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் பெரும்பாலும் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். சீருடையில் கடையின் பெயர் இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சம்பளச் சீட்டிலும், வேலை நியமனக் கடிதத்திலும், ஊழியர் சேமநிதிக் கணக்கிலும் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதோ, இழப்பீட்டை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கடை மூடினாலும் அந்த நிறுவனத்துடன் உங்கள் வேலை ஒப்பந்தம் தொடரலாம். "கடைதான் போய்விட்டதே, நீயும் போய்விடு" என்று அவர்கள் வாயால் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

இனி தொகை. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ், 1980இல் வந்த ஒழுங்குவிதிகள் ஆட்குறைப்புக்கான குறைந்தபட்ச இழப்பீட்டை வகுத்திருக்கின்றன. தொடர்ந்து 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் என்றால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். முழு ஆண்டாகாத மாதங்களுக்கும் விகிதப்படி உண்டு. நாள் சம்பளம் என்பது கடைசி 12 மாதத்தின் உண்மையான சராசரி. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,700 ரிங்கிட் வாங்கும் பெண் 6 ஆண்டு 3 மாதம் வேலை செய்திருக்கிறார். ஓராண்டுச் சம்பளம் 20,400. அதை 365 ஆல் வகுத்தால் நாளுக்கு 55.89. ஆறேகால் ஆண்டுக்கு, ஆண்டுக்கு 20 நாள் வீதம் 125 நாள். அவருக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 6,986 ரிங்கிட். வேலை முடிந்த 7 நாளுக்குள் இது கைக்கு வர வேண்டும்.

தகராறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முன்னறிவிப்பு வேறு, இழப்பீடு வேறு. ஒப்பந்தத்தில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தாலும், கடை மூடப்படும்போது முன்னறிவிப்புக் காலம் குறைந்தது இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், ஐந்துக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் என்று சட்டம் சொல்கிறது. அவ்வளவு நாள் முன்னதாகச் சொல்லவில்லை என்றால் அந்த வாரங்களுக்கான சம்பளத்தைத் தர வேண்டும். அந்தப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இதுதான் உங்கள் இழப்பீடு" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. மேலே சொன்ன பெண்ணுக்கு 8 வாரச் சம்பளமும் வர வேண்டும், 6,986 ரிங்கிட்டும் வர வேண்டும், எடுக்காத ஆண்டு விடுப்புக்கான பணமும் வர வேண்டும். மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று, என்னை மிகவும் வருத்துவது. கடைசி வாரத்தில் அலுவலக அறைக்குள் ஒவ்வொருவராக அழைத்து, மலாயில் அச்சிட்ட ஒரு தாளை நீட்டுவார்கள். அது "நானாகவே விலகுகிறேன்" என்ற கடிதமாக இருக்கும். அல்லது "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்றிருக்கும். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. மலாய் படிக்கத் தெரியாத புதியவர்கள், கடைசிச் சம்பளம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு எச்சரிக்கை. தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, பக்கத்து வீட்டு அக்காவோ, பழைய தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்த பெரியவரோ ஐந்து நிமிடத்தில் படித்துச் சொல்வார்கள். அந்தப் பெரியவர்களைக் குறிப்பாகத் தேடிப் போங்கள். தோட்டம் விற்கப்பட்டபோது ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் மல்லுக்கட்டியவர்கள் அவர்கள்.

வேறு கிளைக்கு மாற்றுகிறோம் என்று சொன்னாலும் யோசித்துப் பதில் சொல்லுங்கள். பழைய நிபந்தனைகளுக்குக் குறையாத வேலையைத் தக்க காரணமின்றி மறுத்தால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடும். மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளை, குறைந்த சம்பளம் போன்றவை காரணங்கள்தாம். ஆனால் மறுப்பை எழுத்தில், காரணத்தோடு கொடுங்கள்.

பணம் வராவிட்டால், தொழிலாளர் புகார்களை விசாரிக்கும் ஆள்பல இலாகாவுக்குப் (Jabatan Tenaga Kerja) போங்கள். சுங்கைப்பட்டாணியிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. புகாரை அங்கேயே பதிந்து, தொழிலாளர் நீதிமன்ற விசாரணைக்குக் கொண்டுபோகலாம். வழக்கறிஞர் தேவையில்லை. வெளிநாட்டவர் என்பதற்காக உங்கள் மனுவை மறுக்க முடியாது. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அட்டவணை, மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகிய எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். கடை மூடிய பிறகு அந்தக் கணினிகளும் கோப்புகளும் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்குறைப்பே பொய், உங்களைத் துரத்தத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று நம்பினால் அதற்கு வேறு வழி: தொழில் உறவுத் துறையிடம் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். அந்தக் கெடு கறாரானது.

நிறுவனமே கலைக்கப்பட்டால், அதன் சொத்தை விற்றுக் கடன்களை அடைக்க நியமிக்கப்படும் கலைப்பாளரிடம் உங்கள் பாக்கியை எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள். கலைப்புச் செலவுக்கு அடுத்தபடியாக, கடைசி நான்கு மாதச் சம்பளப் பாக்கிக்கு ஒருவருக்கு 15,000 ரிங்கிட் வரை நிறுவனச் சட்டம் முன்னுரிமை தருகிறது. பதியாதவர் பெயர் வரிசையில் இருக்காது.

மலேசியக் குடியுரிமை உள்ள உங்கள் கணவரோ மனைவியோ அதே கடையில் வேலை இழந்திருந்தால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதியை 60 நாளுக்குள் கேட்கச் சொல்லுங்கள். வேலை தேடும் காலத்துக்கு ஆறு மாதம் வரை உதவித்தொகை உண்டு. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு. வேலை பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இது இல்லை.

பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல்: அது முதலாளியோடு கட்டுண்டது. வேலை போனதும் முதலாளி அதை ரத்து செய்து விமான டிக்கெட்டைக் கையில் திணிக்கலாம். டிக்கெட் வருமுன் ஆள்பல இலாகாவில் மனுவைப் பதிந்துவிடுங்கள். வழக்கு முடியும்வரை தங்கச் சிறப்பு அனுமதி கிடைக்குமா என்று அங்கும் குடிநுழைவுத் துறையிலும் கேளுங்கள். அனுமதி காலாவதியான நிலையில் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி பிடித்து வைத்திருப்பது சட்டவிரோதம். கொடுக்க மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். ஊர் திரும்பத்தான் வேண்டும் என்றால், போகுமுன் மனு எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊர் முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஆள்பல இலாகாவிடமும் கலைப்பாளரிடமும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.