ஆளுக்கு 6,000 ரூபாயில் கொல்கத்தா: மாணவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

செமஸ்டர் லீவுக்கு எங்காவது போகலாம் என்று பேச்சு எடுத்தால் கோவா, மணாலி என்றுதான் ஆரம்பிக்கும். காசைக் கணக்குப் பார்க்கும்போது பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். என் ஓட்டு கொல்கத்தாவுக்கு. மாணவன் கைக்காசுக்குக் கட்டுபடியாகும் பெருநகரம் அது. பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் கட்டணமே கிடையாது.

நாலு பேர், மூன்று இரவு, சென்னையிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வெளியூர்ப் பயணத்தில் பணம் கரைவது பெரிய செலவுகளில் இல்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இடங்களைப் பார்க்க வாடகை வண்டியில் ஓடுவதில்தான் கரைகிறது. அதனால் இந்தத் திட்டம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்ற கணக்கில் போகும்.

படி 1: கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள்

தேதியைவிடக் கிழமைதான் இங்கே முக்கியம். இந்தியன் மியூசியம், விக்டோரியா மெமோரியல் அரங்குகள், தாகூர் வீடு எல்லாம் திங்கள்கிழமை மூடியிருக்கும். காலேஜ் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு திறக்காது. செவ்வாய் காலை சென்னையில் கிளம்பினால் புதன் அங்கே இறங்கி, சனிக்கிழமை திரும்பிவிடலாம். ஞாயிறும் திங்களும் குறுக்கே வராது.

மாதம் என்றால் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. துர்கா பூஜை சமயத்தில் நகரமே ஜொலிக்கும், ஆனால் ரயிலில் இடமும் கிடைக்காது, அறை வாடகையும் கையைக் கடிக்கும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

படி 2: ரயில்

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. அன்று காலையே போடுங்கள். சென்னை சென்ட்ரலில் காலை 7 மணி வாக்கில் கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மறுநாள் முற்பகலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்லீப்பரில் ஒரு வழிக்கு 700 ரூபாய் சுற்றி ஆகும். ஒரு விஷயம்: இந்த ரயில் இப்போது பெரிய நிலையமான ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமார் நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து நகரின் மையமான எஸ்பிளனேடுக்குப் பேருந்து பிடித்துக்கொள்ளலாம். நாலு பேர் இருப்பதால் டாக்ஸியும் தாங்கும். தெற்கே இருப்பவர்களுக்குக் கன்னியாகுமரி - ஹவுரா, திருச்சி - ஹவுரா ரயில்கள் இருக்கின்றன. அவை தினசரி ஓடுவதில்லை, அதனால் கிழமைக் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

மாணவர் சலுகையில் டிக்கெட் கிடைக்காதா என்று பலரும் கேட்பார்கள். அது சொந்த ஊருக்குப் போவதற்கும், கல்லூரி ஏற்பாடு செய்யும் கல்விச் சுற்றுலாவுக்கும்தான். நண்பர்கள் சேர்ந்து சுற்றப் போவதற்குப் பொருந்தாது.

படி 3: தங்குமிடம்

இந்தியன் மியூசியத்தை ஒட்டிய சடர் ஸ்ட்ரீட்டில் பாருங்கள். முதுகில் பையோடு வரும் வெளிநாட்டுக்காரர்கள் காலங்காலமாகத் தங்கும் தெரு, அதனால் மலிவான லாட்ஜும் டார்மிட்டரியும் நிறைய. ஆளுக்கு ஓர் இரவுக்கு 500 ரூபாய் ஒதுக்குங்கள். நகரத்துக்கு வெளியே 300 ரூபாய்க்கு அறை இருக்கிறது என்று ஆப் காட்டும், ஏமாறாதீர்கள். மிச்சம் பிடித்த 200 ரூபாய் தினமும் போக்குவரத்தில் போய்விடும். சடர் ஸ்ட்ரீட்டிலிருந்து மெட்ரோவும் நியூ மார்க்கெட்டும் நடை தூரம்தான்.

மௌலாலியில் மேற்கு வங்க அரசின் யூத் ஹாஸ்டலும் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். எங்கே தங்கினாலும் எல்லோரும் அசல் ஆதார் அட்டையை எடுத்துப் போக வேண்டும்.

படி 4: நாளுக்கு ஒரு பகுதி

டிசம்பரில் கொல்கத்தாவில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். நம் ஊர் நினைப்பில் 10 மணிக்கு எழுந்து கிளம்பினால் பாதி நாள் போச்சு. வெளியில் பார்க்க வேண்டியதைக் காலையிலும், சாப்பாட்டையும் கடைத்தெருவையும் இருட்டிய பிறகும் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்: குளித்துவிட்டு நேராக இந்தியன் மியூசியம். 1814-இல் தொடங்கியது, எகிப்திய மம்மி வரை இருக்கிறது. மாலை நியூ மார்க்கெட்.

வியாழன்: இதைத்தான் நான் மிகவும் சிபாரிசு செய்வேன். மெட்ரோவில் சோவாபஜார் போய் இறங்குங்கள். பக்கத்தில் குமார்துலி, சாமி சிலை செய்பவர்களின் குடியிருப்பு. சந்துக்குள் நுழைந்தால் இருபுறமும் வைக்கோலைக் கட்டி உருவம் பிடித்து, மேலே களிமண் பூசிக்கொண்டிருப்பார்கள். கை கால் எல்லாம் முடிந்து தலை மட்டும் இல்லாமல் வரிசையாகச் சிலைகள் காய்ந்துகொண்டிருக்கும். படம் எடுக்கும் முன்பு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அங்கிருந்து ரவீந்திர சரணி வழியே தெற்கே நடந்தால் ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு. அதற்கப்புறம் காலேஜ் ஸ்ட்ரீட். பழைய பாடப்புத்தகம் வாங்க நினைத்தால் பேரம் பேசத் தயங்க வேண்டாம். மாலையில் அங்கேயே இருக்கும் காஃபி ஹவுஸில் ஒரு காபியோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

வெள்ளி: எஸ்பிளனேடில் பச்சை வழித்தட மெட்ரோ பிடித்து ஹவுரா போங்கள். 10 ரூபாய்தான். ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் இந்தப் பாதை 2024 மார்ச்சில் திறந்தது, ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான் ஆகும். திரும்பும்போது ஹவுரா பாலத்தில் நடந்தே வாருங்கள். இறங்கும் இடத்தில் மல்லிக் காட் பூச்சந்தை, செவ்வந்தி மாலைகளைச் சுருள் சுருளாகத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடுவார்கள், வழி விட்டு நில்லுங்கள். பிற்பகலில் தக்ஷிணேஸ்வர் காளி கோயில், அங்கிருந்து படகில் ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடம். இரண்டும் மதியம் மூடியிருக்கும், அதனால் 3 மணிக்கு மேல் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். பேலூரில் மாலை ஆரத்தி பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

சனி காலை விக்டோரியா மெமோரியல். காசு குறைவாக இருந்தால் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும், கட்டடத்தின் அழகு வெளியிலிருந்துதான். டிராம் இப்போது ஒன்றிரண்டு தடங்களாகச் சுருங்கிவிட்டது. எதிரே வந்தால் விடாதீர்கள், ஏறிவிடுங்கள்.

படி 5: சாப்பாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

காலையில் தெருக்கடை கொச்சூரியும் (பூரி மாதிரி) உருளைக்கிழங்குக் கறியும். மதியம் 'பைஸ் ஹோட்டல்' என்று சொல்லும் பழைய சாப்பாட்டுக் கடைகள். பிரசிடென்சி பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துச் சந்தில் சுவாதீன் பாரத் இந்து ஹோட்டல் இருக்கிறது, வியாழக்கிழமை நடையில் அங்கே மதியச் சாப்பாட்டை முடிக்கலாம். இந்தக் கடைகளில் முழுச் சாப்பாடு என்று ஒரே விலை கிடையாது. சோறு, பருப்பு, பொரியல், மீன் எல்லாம் தனித்தனி. பல இடங்களில் வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் கணக்கு உண்டு. பலகையில் விலையைப் பார்த்துச் சொல்லுங்கள். மீனில் ஒன்று, காயில் ஒன்று என்று நால்வரும் வேறு வேறு வாங்கிப் பகிர்ந்தால் ருசிக்கு ருசி, காசும் மிச்சம். இரவில் முட்டை ரோல் ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும்.

கடுகெண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். அவரை லேக் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி, இட்லி தோசைக்குக் குறைவில்லை.

படி 6: கணக்கு

ஆளுக்கு இப்படி: ரயில் 1,400, அறை 1,500, ஊரில் சாப்பாடு 1,200, ரயிலில் சாப்பாடு 400, உள்ளூர்ப் போக்குவரத்து 400, நுழைவுக் கட்டணம் 250, கைச்செலவு 350. கூட்டினால் 5,500. மீதி 500 ரூபாயை அவசரத்துக்கென்று தனியாக வைத்து, அதைத் தொடவே கூடாது. கிளம்பும் அன்றே எல்லோரும் ஒருவரிடம் பொதுப்பணம் கொடுத்துவிடுங்கள். அறை, வண்டி, டிக்கெட் எல்லாம் அவர் கையால். ஒவ்வொரு டீக்கும் யார் காசு என்று பேச ஆரம்பித்தால் மூன்றாம் நாள் மனக்கசப்பு வந்துவிடும். தினமும் இரவு செலவை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் காட்டிவிட்டால் போதும்.

படி 7: திரும்பும் நாள்

ரயில் பிற்பகலில்தான். ஷாலிமார் ஒரு மூலையில் இருப்பதால் ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சடர் ஸ்ட்ரீட்டை விட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்கு இனிப்பு வாங்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் மட்டும் வரும் புது ஈச்ச வெல்லச் சந்தேஷ் வாங்குங்கள். மென்மையாக இருப்பது சீக்கிரம் கெட்டுவிடும். கடையில் 'கொடா பாக்' என்று கேட்டால் கெட்டியான வகையைத் தருவார்கள். அது சென்னை வரை தாங்கும்.