வாய்ப்பாட்டுக்கு முன் ஆத்தங்குடிக் கல்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன், ஆத்தங்குடிக் கல் (காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் செய்யப்படும் சதுரத் தரைக்கல்) பதித்த தரையில் 6 கல் நீளமும் 4 கல் அகலமும் வரும்படி சணல் கயிற்றால் ஒரு செவ்வகம் அமைத்து, ஒவ்வொரு வரிசையாகக் கால் வைத்து எண்ணச் சொல்லுங்கள். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் முகப்பிலும் பட்டாசாலை என்னும் கூடத்திலும் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. காசு கொடுத்துக் கணிதப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

ஏறத்தாழ 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் கண்ணால் கண்டு கையாளக்கூடிய பொருள்களைக் கொண்டே தர்க்கமாகச் சிந்திக்கிறார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். செவ்வகத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய் நின்று பார்க்கும் பிள்ளைக்கு, நான்கு ஆறும் ஆறு நான்கும் அதே 24 கற்கள்தாம் என்பது யாரும் சொல்லாமலே புலப்படுகிறது. மனப்பாடம் மட்டும் செய்த பிள்ளைக்கு அவை இரண்டும் வெவ்வேறு வரிகளாகவே நிற்கின்றன.

எண்ணும்போது இன்னும் தடுமாறும் சிறு பிள்ளைகளுக்கு இது பயன்படாது. தரையின் ஓரத்தில் பதித்த கரைக்கற்கள் வேறு அளவில் இருந்தால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். 13 வயதுப் பிள்ளையைச் சக மாணவர் முன்னிலையில் இப்படி எண்ணவைப்பது கூச்சத்தையே தரும் என்பதால், அவர்களுக்கு அதே தரையின் பரப்பளவைக் கணக்கிடும் வேலையைக் கொடுங்கள்.