டெஸ்ட் எல்லாம் பச்சை, ஆனால் ஒரே ஆசனத்தில் இரண்டு பேர்: மொக் பாவிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸுக்கு ஆசனம் முற்பதிவு செய்யும் ஒரு வலைச் செயலியை எடுத்துக்கொள்வோம். பாவனையாளர் ஆசனத்தைத் தெரிவுசெய்கிறார், தரவுத்தளம் அதை ஒதுக்குகிறது, அட்டையில் காசு அறவிடும் சேவையான கட்டண வாயிலுக்குக் கோரிக்கை போகிறது, காசு கழிந்ததும் குறுஞ்செய்தி வருகிறது. இந்தப் பங்ஷனை மட்டும் தனியே சோதிக்கும், அதாவது யூனிட் டெஸ்ட் செய்யும், ஒவ்வொரு தடவையும் உண்மையான வங்கி அட்டையில் காசு கழிக்க முடியாது. யாரோ ஒருவரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கவும் முடியாது. அங்கேதான் மொக், அதாவது நிஜத்துக்குப் பதில் டெஸ்டில் வைக்கும் போலிப் பொருள், வருகிறது.

மறுபக்கம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று நாம் நம்புவதை மொக் அப்படியே திருப்பிச் சொல்லும். நம்பிக்கை பிழை என்றால் டெஸ்டும் அதே பிழையோடு பாஸ் ஆகும். கீழே உள்ள தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. உதாரணங்கள் பெரும்பாலும் பைத்தனின் யூனிட்டெஸ்ட் மொக்கிலிருந்து. இடையிடையே ஜாவாஸ்கிரிப்டின் ஜெஸ்டும் ஜாவாவின் மொக்கிட்டோவும் வரும்.

ஆமாம் சாமி போடும் மொக்

பைத்தனின் மஜிக்மொக்கிடம் அநேகமாக எந்தப் பெயரைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாது. உடனே இன்னொரு மொக்கை உருவாக்கித் தரும். கட்டண வாயிலின் நூலகத்தில் ‘சார்ஜ்’ என்ற மெதட் புதிய பதிப்பில் ‘கிரியேட் பேமென்ட்’ ஆகிவிட்டது என்று வையுங்கள். உங்கள் கோட் இன்னும் ‘சார்ஜ்’ என்றே கூப்பிடுகிறது, மொக்கும் சிரித்துக்கொண்டே பதில் தருகிறது. சேர்வரில் ஏற்றிய பிறகுதான் விழும்.

இதைவிட ஆபத்தானது பதிலைச் சோதிக்கும் இடம். ‘ரெஸ்பொன்ஸ் ஓகே’ என்ற பண்புக்கு நீங்கள் பெறுமதி கொடுக்க மறந்தால் அது ஒரு மொக் பொருளாகவே இருக்கும். பைத்தனில் நீங்கள் மாற்றிச் சொல்லாவிட்டால் மொக் பொருள் ‘ட்ரூ’ ஆகவே கணிக்கப்படும். ஆகவே அட்டை மறுக்கப்பட்ட பாதைக்குள் அந்த டெஸ்ட் ஒருநாளும் போகாது. பிழையான பதில் வந்தால் பிழை எறிய வேண்டிய ‘ரெய்ஸ் ஃபோர் ஸ்டேட்டஸ்’ கூட எதையும் எறியாமல் சும்மா இருக்கும்.

பாட்ச் செய்யும்போது, அதாவது நிஜப் பொருளின் இடத்தில் மொக்கை வைக்கும்போது, ஓட்டோஸ்பெக்கை ‘ட்ரூ’ என்று கொடுங்கள். உண்மையான கிளாஸில் இல்லாத மெதட்டைக் கூப்பிட்டாலோ, ஆர்கியுமென்ட் கூடிக் குறைந்தாலோ டெஸ்ட் அங்கேயே விழும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. பொருள் உருவாகும்போது ஓடும் ‘இனிட்’டுக்குள் பிறக்கும் பண்புகள் ஓட்டோஸ்பெக்கின் கண்ணில் படாது. திரும்பி வரும் பெறுமதி என்ன வடிவம் என்பதும் அதற்குத் தெரியாது. அதை நீங்களேதான் கொடுக்க வேண்டும்.

ஜாவாவில் பெயர் மாறினால் கம்பைலர் பிடித்துவிடும் என்று நிம்மதி கொள்ள வேண்டாம். மொக்கிட்டோவில் நீங்கள் பதில் சொல்லிக்கொடுக்காத மெதட் நல், பூச்சியம், ஃபோல்ஸ், வெற்று லிஸ்ட் இவற்றில் ஒன்றைத் தரும். ‘மீதி ஆசனங்கள்’ வெற்று லிஸ்டாக வந்தால் பஸ் நிரம்பிவிட்டது என்றுதான் உங்கள் கோட் எடுத்துக்கொள்ளும். ‘பஸ் நிரம்பினால் பதிவு கூடாது’ என்ற டெஸ்ட் பாஸ் ஆகும், ஆனால் காரணம் வேறு.

இன்னொரு சின்னக் கண்ணி: ‘அசேர்ட் கோல்ட் ஒன்ஸ் வித்’ என்பதற்குப் பதில் முன்னால் உள்ள ‘அசேர்ட்’டை விட்டுவிட்டு ‘கோல்ட் ஒன்ஸ் வித்’ என்று எழுதுவது. மொக்குக்கு அதுவும் இன்னொரு மெதட்தான். எதையும் சோதிக்காமலே பச்சை காட்டும். பைத்தன் 3.12 இலிருந்து இப்படி எழுதினால் பிழை எறியப்படுகிறது; பழைய பதிப்பில் ஓடும் திட்டங்களில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பாட்ச் செய்ய வேண்டிய இடம்

‘கட்டணம்’ என்ற மொடியூலில் ‘அறவிடு’ என்ற பங்ஷன் இருக்கிறது. ‘முற்பதிவு’ மொடியூல் அதை நேரடியாக, அந்தப் பெயரிலேயே இம்போர்ட் செய்கிறது. இப்போது ‘கட்டணம்.அறவிடு’வைப் பாட்ச் செய்தால் ஒன்றும் நடக்காது. ‘முற்பதிவு’ தன் கையில் ஏற்கெனவே அசலை வைத்திருக்கிறது. பாட்ச் செய்ய வேண்டியது ‘முற்பதிவு.அறவிடு’. அதாவது பெயர் எங்கே பிறந்தது என்பதை விட்டுவிட்டு, எங்கே தேடப்படுகிறது என்று பாருங்கள்.

இடம் பிழைத்தால் டெஸ்ட் நிஜ வாயிலோடு பேசத் தொடங்கும். நிஜக் காசு கழியாத சோதனைக் கணக்கு, அதாவது சாண்ட்பொக்ஸ், என்றால் டெஸ்ட் மெதுவாக ஓடுவதோடு போய்விடும். நிஜச் சாவி சூழல் மாறியில் இருந்தால் காசு போகும். பைடெஸ்ட் சொக்கெட் போன்ற ஒரு பிளகினைப் போட்டு, யூனிட் டெஸ்ட் ஓடும்போது வலையமைப்பையே மூடிவிடுவது நல்ல காப்பு.

மேசையில் இருந்து கற்பனை செய்த பதில்

கட்டண வாயில் 3250 என்ற எண்ணைத் தரும் என்று நினைத்து மொக் எழுதுகிறோம். நிஜத்தில் அது ‘3250.00’ என்ற எழுத்துச்சரமாக வரலாம். சதத்தில் 325000 என்றும் வரலாம். ஒப்பிடும் வரி அங்கே பிழைக்கும், அல்லது நூறு மடங்கு ரூபா பதிவாகும். ஆவணத்தை வாசித்து மொக் எழுதுவதும் போதாது, ஆவணங்கள் பழையதாகிவிடும். சாண்ட்பொக்ஸுக்கு உண்மையாகவே கோரிக்கை அனுப்பி, வரும் பதில்களை ஜேசன் கோப்பாகச் சேமியுங்கள்: வெற்றி, அட்டை மறுப்பு, போதிய மீதி இல்லை, ஒரே ஓடர் இலக்கம் இரண்டு தடவை. அட்டை இலக்கம், சாவி, பெயர் எல்லாவற்றையும் அழித்த பிறகே களஞ்சியத்தில் ஏற்றுங்கள்.

வாயிலின் நூலகத்தை நேரடியாகப் பல இடங்களில் மொக் செய்வதும் வேண்டாம். உங்களுடைய ஒரு சின்ன அடாப்டர் கிளாஸ் எழுதி அதற்குள் வாயிலை அடக்குங்கள். செயலியின் மற்றப் பகுதிகளுக்கு அந்த அடாப்டரை மொக் செய்யலாம். அடாப்டரைச் சோதிக்க எச்டிடிபி மட்டத்தில் பதில் தரும் கருவிகள் உண்டு: பைத்தனில் ரெஸ்பொன்சஸ், ஜாவாஸ்கிரிப்டில் நொக் அல்லது எம்எஸ்டபிள்யூ, ஜாவாவில் வயர்மொக்.

நேரமுடிவு, அதாவது டைம்அவுட், பற்றி இன்னும் கவனம் வேண்டும். பைத்தனின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு இயல்பான டைம்அவுட் கிடையாது; கொடுக்காவிட்டால் பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். மொக் உடனே பதில் தருவதால் இந்தக் குறை டெஸ்டில் தெரியவே தெரியாது. ஆகவே டைம்அவுட் அனுப்பப்பட்டதா என்பதையும் சோதியுங்கள். மொக்கைக் கூப்பிடும்போது என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் ‘சைட் எஃபெக்ட்’டில் டைம்அவுட் பிழையைக் கொடுத்து இன்னொரு டெஸ்ட் எழுதுங்கள். பதில் வரவில்லை என்பதற்காகக் காசு கழியவில்லை என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பதிவை ரத்துச் செய்யாமல் ‘நிலுவையில்’ வைத்து, வாயிலிடம் நிலையை மறுபடி கேட்பதே சரியான நடத்தை. டெஸ்ட் அதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

தரவுத்தளத்தை மொக் செய்தால்

தலைப்பில் சொன்ன வினை இங்கேதான் விளைகிறது. ‘இந்த ஆசனம் பதிவாகிவிட்டதா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று மொக் சொல்கிறது, கோட் பதிவு செய்கிறது, டெஸ்ட் பாஸ். நிஜத்தில் கொடிகாமத்தில் ஏறுபவரும் சாவகச்சேரியில் ஏறுபவரும் ஒரே கணத்தில் 12ஆம் ஆசனத்தை அழுத்தினால் இருவருக்கும் ‘இல்லை’ என்ற பதில்தான் போகும். அதைத் தடுப்பது பயணம், ஆசன இலக்கம் இரண்டும் சேர்ந்த யுனீக் கட்டுப்பாடு, அல்லது அட்டவணையின் வரிசையை (ரோ) பூட்டும் கட்டளை. இரண்டுமே தரவுத்தளத்துக்குள் இருப்பவை. மொக்குக்குள் அவை இல்லை.

வேகத்துக்காக, செயலி பாவிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குப் பதில் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் டெஸ்ட் ஓட்டுவதும் இதே வகைதான். பைத்தனின் வலைச் சட்டகமான ஜாங்கோவில் வரிசையைப் பூட்டும் ‘செலக்ட் ஃபோர் அப்டேட்’, எஸ்கியூலைட்டில் பிழையும் சொல்லாது, பூட்டவும் மாட்டாது. டொக்கர் கொள்கலனில் நிஜப் போஸ்ட்கிரெஸை எழுப்பி, இப்படியான ஒருசில டெஸ்டுகளை அதிலேயே ஓட்டுங்கள். ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு ட்ரான்சாக்ஷனுக்குள் அடைத்து வைப்பதால், இரண்டு இணைப்புகள் மோதுவதைப் பார்க்க ட்ரான்சாக்ஷன்டெஸ்ட்கேஸ் தேவைப்படும்.

தமிழ்க் குறுஞ்செய்தி

எதை அனுப்பினாலும் ‘அனுப்பியாயிற்று’ என்று சொல்லும் மொக்கில் எங்களுக்கே உரிய ஒரு பிழை ஒளிந்துகொள்ளும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் யுனிகோடில் 70 அலகு மட்டுமே. அதைத் தாண்டினால் செய்தி துண்டாகி, துண்டு ஒன்றுக்கு 67 ஆகிவிடும். அலகு வேறு, எழுத்து வேறு. ‘யாழ்ப்பாணம்’ கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்கில் 11 அலகு. பயணத் திகதி, ஆசனம், ஏறும் இடம் எல்லாம் எழுதினால் மூன்று துண்டுக் கட்டணம் வந்து நிற்கும்.

இங்கே மொக்கை விட ஃபேக் நல்லது. அனுப்பிய செய்திகளை லிஸ்டில் சேர்த்துவைக்கும், துண்டுகளை எண்ணும், வடிவம் பிழைத்த இலக்கத்தை நிராகரிக்கும் இருபது வரிக் கிளாஸ் போதும். டெஸ்டில் ‘செய்தி இரண்டு துண்டுக்கு மேல் போகக்கூடாது’ என்று நேரடியாகவே எழுதலாம்.

நேரம்

பைத்தனின் டேட்டைம் சி மொழியில் எழுதப்பட்டது. அதன் ‘நவ்’ மெதட்டை மட்டும் பாட்ச் செய்ய விடாது. முழுக் கிளாஸையும் மொக்கால் மாற்றினால் ‘ஐஸ்இன்ஸ்டன்ஸ்’ சோதனைகள் உடையும். நேரத்தை உறையவைக்கும் ஃபிரீஸ்கன் நூலகத்தைப் பாவியுங்கள், அல்லது கடிகாரத்தை ஆர்கியுமென்டாக அனுப்புங்கள். பாட்ச் செய்து ‘இன்று’ என்ற பங்ஷனுக்கே ஒரு திகதியைக் கொடுத்துவிட்டால் சோதிக்க வேண்டிய கணக்கையே தாண்டிப் போய்விடுகிறீர்கள். இலங்கை நேரம் உலகப் பொது நேரமான யுடிசியை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது. 15ஆம் திகதி அதிகாலை 4 மணிக்குப் பதிவு செய்பவருக்கு, யுடிசியில் ஓடும் சேர்வரில் இன்னும் 14ஆம் திகதி இரவு 10.30. அந்த ஒரு கணத்தை வைத்து ஒரு டெஸ்ட் கட்டாயம் இருக்கட்டும்.

எதைச் சரிபார்ப்பது

உள்ளே எந்த மெதட் எந்த ஒழுங்கில் கூப்பிடப்பட்டது என்று வரிக்கு வரி சரிபார்க்கும் டெஸ்ட், கோட் எழுதிய விதத்தைச் சற்று மாற்றினாலே உடையும். விளைவைப் பாருங்கள். ஆனால் ‘அறவிடு சரியாக ஒரு தடவைதான் கூப்பிடப்பட்டது’ என்பது விலக்கு. வாடிக்கையாளரின் காசுக்கு அதுவே விளைவு.

எஞ்சிக்கிடப்பவை

ஜெஸ்டில் ‘கிளியர் ஓல் மொக்ஸ்’ அழைப்புப் பதிவுகளை மட்டும் துடைக்கும். முந்திய டெஸ்ட் கொடுத்த பதில் அப்படியே இருக்கும். ‘ரீசெட்’ அந்தப் பதிலையும் எடுத்துவிடும். ஸ்பை (நிஜ மெதட்டைச் சுற்றிப் போட்டு அழைப்புகளைக் கவனிக்கும் மொக்) போட்ட மெதட்டின் அசலைத் திரும்பக் கொண்டுவருவது ‘ரிஸ்டோர்’. தனியே ஓடும்போது விழுந்து, கூட்டமாக ஓடும்போது பாஸ் ஆகும் டெஸ்ட் இருந்தால் முதலில் இங்கே தேடுங்கள். அமைப்புக் கோப்பில் ‘ரீசெட் மொக்ஸ்’, ‘ரிஸ்டோர் மொக்ஸ்’ இரண்டையும் ‘ட்ரூ’ ஆக்கிவிடலாம்.

பைத்தனிலும் ஜெஸ்டிலும் மொக், ஆர்கியுமென்டின் பிரதியை எடுப்பதில்லை; அதே பொருளைச் சுட்டிக்கொண்டு இருக்கும். ஆசன லிஸ்டை அனுப்பிய பிறகு உங்கள் கோட் அதே லிஸ்டை வெறுமையாக்கினால், சரிபார்க்கும் வரி வெற்று லிஸ்டைத்தான் பார்க்கும். அனுப்பும்போதே டியூப்பிளாக மாற்றி அனுப்புங்கள், அல்லது சைட் எஃபெக்டில் ஒரு பிரதியை எடுத்துவைத்து அதைச் சோதியுங்கள்.