ஆம்ப்ளிஃபயரின் வேகத்தை அடக்கிய கதை

என் பவர் ஆம்ப்ளிஃபயருக்கு 0.8 வோல்ட் கிடைத்தாலே முழுத் திறனும் வந்துவிடும். சிடி பிளேயரோ 2 வோல்ட் தரும். நடுவில், வால்யூம் குமிழ் இருக்கும் ப்ரீஆம்ப் (முன்-பெருக்கி) வேறு. வால்யூம் குமிழை எட்டரை மணி நிலைக்குத் திருப்பினாலே வீடு அதிரும். அந்த இடத்தில் இடது, வலது சேனல்கள் சமமாகவும் ஒலிக்காது. பாட்டு நின்றால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்.

ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே, அதன் கெயினை, அதாவது சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை, நிர்ணயிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை. ஆம்ப்ளிஃபயரின் நிலைத்தன்மை அந்த கெயினை வைத்தே கணக்கிடப்பட்டது. அதைக் குறைத்தால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஊசலாடி, ட்வீட்டரையும் (கீச்சொலிக்கான சிறிய ஸ்பீக்கர்) ட்ரான்சிஸ்டர்களையும் எரித்துவிடக்கூடும்.

அதனால் உள்ளே கையே வைக்கவில்லை. கேபிளின் ஆம்ப்ளிஃபயர் பக்க ஆர்சிஏ பிளக்குக்குள்ளேயே இரண்டு ரெசிஸ்டர்களைப் பற்றவைத்தேன். சிக்னல் வழியில் தொடராக 6.8 கிலோ ஓம். அதன் பிறகு, நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 3.3 கிலோ ஓம். இரண்டும் 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட். ஆம்ப்ளிஃபயரின் 47 கிலோ ஓம் உள்ளீட்டையும் சேர்த்தால் சிக்னல் சுமார் 10 டெசிபல் குறையும். இரண்டு சேனலுக்கும் ஒரே மதிப்பு என்பது முக்கியம். ப்ரீஆம்ப் இப்போது ஏறக்குறைய 10 கிலோ ஓம் சுமையைத் தாங்க வேண்டும். ட்ரான்சிஸ்டர் வகைக்கு அது பெரிய விஷயமில்லை. வால்வு ப்ரீஆம்ப் என்றால் அந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது எல்லாக் கருவிகளையும் அணைத்திருந்தேன். ஷார்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் ஆன் செய்தேன், அதுவும் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து.

இப்போது குமிழ் பதினொரு மணி வரை நிதானமாகத் திரும்புகிறது. ப்ரீஆம்பிலிருந்து வந்த இரைச்சல் அடங்கிவிட்டது. ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால் மட்டும் ஆம்ப்ளிஃபயரின் சொந்த இரைச்சல் லேசாகக் கேட்கிறது. அது இந்த வழியில் குறையாது.